எட்டு மணிக்கு எழும்பும் துரை

— மீனை முள்ளோட போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு? தொண்டையில மாட்டிக்கிட்டா நீங்களா கை விட்டு எடுப்பீங்க?

— பொறு சவுந்தரம். துரைக்கு முள்ளு எல்லாம் ஒரு கணக்கா? உன் திட்டையே முழுங்குற நாய் அது.

— நாய்க்குத் துரைன்னு பேரு வைக்கிற ஆளு இந்தப் பினாங்குல நீங்க ஒருத்தர்தான். போன வாரம் வாசல்ல நின்னு, துரை, உள்ள வாடா கழுதைன்னு கத்துறீங்க. ரிக்‌ஷாவுல போன வெள்ளைக்காரன் திரும்பிப் பாக்குறான்.

— பாக்கட்டும். ஆபீசுல நாள் பூரா துரை சொல்றதை நான் கேக்குறேன். வீட்டுல ஒரு துரையாவது நான் சொல்றதைக் கேக்கட்டும்.

— எங்க கேக்குது? பகல் முச்சூடும் தூக்கம். பொழுது சாஞ்சா பாயைச் சுத்தி ஓட்டம்.

— அதுக்குத்தானே கூட்டிட்டுப் போறேன். மாதா கோயில் வரைக்கும் ஓடி, நான் மணி அடிக்கிற வரைக்கும் படிக்கட்டுல நின்னு, திரும்பி ஓடியாந்தா சுருண்டு படுத்துரும்.

— மழை வர்ற மாதிரி இருக்கு. இன்னிக்கு ஒரு நாள் வேற யாராச்சும் அடிக்கட்டும்.

— எட்டு மணிக்கு அடிக்கிறது செத்தவங்களுக்கு வேண்டிக்கிறதுக்காக. மழைன்னு சொன்னா அவங்க ஒத்துக்குவாங்களா?

— வாயைப் பாரு. வெளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது?

— வா துரை. உங்க அம்மா இன்னிக்குச் சூடா இருக்கா.

— நனைஞ்ச சட்டையோட வந்து பாய்ல உக்காருங்க, அப்புறம் இருக்கு உங்களுக்கு.

— பொறு, பொறு. எல்லாத்தையும் இப்பவே திட்டித் தீத்துராத. வந்தப்புறம் கொஞ்சம் வேணும்ல.

*

— சவுந்தரம் அக்கா, கதவைத் தொறங்க. பக்கத்து வூட்டு ஹபீபாதான். எனக்குத் தலை வரைக்கும் வந்துருச்சு.

— மெதுவா பேசு. விடிஞ்சும் விடியாம என்ன உனக்கு?

— மெதுவாவா? நேத்து உங்க துரை எங்க அடுப்படிக்குள்ள பாஞ்சு வந்து பெரிய சட்டியில வாயை வச்சிருச்சு. எங்க வூட்டுக்காரர் விடியக்காலையில காவுத்தடியில தூக்கிட்டுப் போயி, துறைமுகத்துல கூலி ஆளுங்களுக்கு விக்கிற நாசி கண்டார் சோத்துக் கொழம்புச் சட்டி அது. நாய் வாய் வச்சா நாங்க என்ன பண்ணணும் தெரியுமா?

— கழுவணும்.

— ஏழு தடவை கழுவணும். அதுல ஒரு தடவை மண்ணு போட்டு. ராவுல மண்ணுக்கு எங்க போறது? இந்த லைன் வூட்டு வாசல் எல்லாம் சிமிட்டி. எங்க வூட்டுக்காரர் டிராம் ரோட்டு ஓரத்துல குந்திக்கிட்டு கையால நோண்டிட்டு வந்தாரு. ரோந்து வந்த மாத்தா போலீஸ்காரன், என்னத்தைப் பொதைக்கிற நீன்னு புடிச்சிக்கிட்டான்.

— சட்டியை மூடி வச்சிருந்தா வாயை வச்சிருக்குமா?

— பாத்தீங்களா, எங்க மேலயே திருப்புறீங்க. மூடி வச்சா கொழம்பு ஊசிப்போவும். நான் சமைக்கிற நேரம் அது. பகல் பூரா செத்த மாதிரி கெடக்குற நாய், எட்டு மணி ஆனா நெருப்பை மிதிச்ச மாதிரி குதிக்குது. இந்தக் கோடிக்கு ஓடுது, அந்தக் கோடிக்கு ஓடுது, வாய் ஓரத்துல நுரை வேற. அல்லா பொதுவா சொல்றேன் அக்கா, அதுக்கு கிலா புடிச்சிருக்கு.

— துரைக்குப் பைத்தியமும் இல்ல, ஒண்ணும் இல்ல.

— உங்களுக்கு எப்படித் தெரியும்? பத்து காவான் ஊருத் தோட்டத்துல எங்க மச்சி மவன். நாய்ப் பல்லு லேசா பட்டுச்சுன்னு சும்மா வுட்டுட்டாங்க. கடைசியில தண்ணிச் செம்பைக் கண்டாலே அலறுனான். நாலு பேரு அமுக்கிப் புடிச்சோம். அவன் கால் பக்கம் நான் இருந்தேன். அதனாலதான் கத்துறேன். சட்டிக்காக மட்டும்னு நெனைக்காதீங்க.

— இப்ப என்ன பண்ணச் சொல்ற என்னை?

— வெறிநாய் சுடுற முனிசிபல் ஆளுங்க ஆயர் ஈத்தாம் வரைக்கும் வந்துட்டாங்க. அடுத்து நம்ம ரோடுதான். இந்த லைன்ல எந்த நாயாச்சும் ஒரு மாதிரி இருக்கான்னு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். அதுக்குள்ள அடக்குங்க.

— சொல்லு, போயி சொல்லு. அவங்க துப்பாக்கியைத் தூக்கிட்டு வரட்டும், நான் குறுக்க நிக்கிறேன். கேட்டுக்கோ ஹபீபா. மணி அடிச்சிட்டு வர்ற வழியில அவரு உயிர் போறப்ப பக்கத்துல இருந்தது அது ஒண்ணுதான். நான் இல்ல. அவரு தம்பி இல்ல. சாமியார் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. துரைதான் இருந்துச்சு. அதைச் சுட்டுட்டு உன் சட்டியைக் காப்பாத்தச் சொல்றியா?

— அக்கா, வெளக்கு இல்லாம வந்த லாரி மேல இருக்கிற கோவத்தை எம்மேல காட்டாதீங்க. அன்னிக்கு மொதல்ல ஓடுனது எங்க வூட்டுக்காரருதான்.

— தெரியும். அதுக்காகத்தான் இம்புட்டு நேரம் நின்னு கேட்டேன். இப்ப போ.

*

— அண்ணி, பசியாறியாச்சா?

— என் பசியை விடு வின்சென்ட். நீ கொண்டாந்து குடுத்த கயிறு எத்தனை வருஷம் தாங்கும்னு சொன்ன?

— சும்மா சொல்லக்கூடாது, அது கப்பல் கயிறு. எங்க கம்பெனி கிடங்குல அதுலதான் மூட்டையே தூக்குறோம்.

— மூட்டைக்குப் பல்லு இல்ல. துரைக்கு இருக்கு. கடிச்சு ரெண்டாக்கிருச்சு.

— ரோத்தான் பிரம்பால ரெண்டு வச்சீங்களா?

— உங்க அண்ணன் அது மேல கை வச்சதே இல்ல. நான் வைக்கணுமா?

— சரி, கள்ளு? சோத்துல கலந்து வச்சா தூங்கிரும்னு ஆபீசுல ஒருத்தர் சொன்னாரேன்னு வாங்கியாந்து குடுத்தேனே.

— வச்சேன். குடிச்சிட்டு இன்னும் நாலு சுத்து கூடச் சுத்துச்சு. அப்புறம் உங்க சித்தப்பா மாதிரி சுவத்துல மோதி நின்னுச்சு. அந்த ஆபீசுக்காரரைக் கூட்டிட்டு வா, அவருக்கே மிச்சத்தை ஊத்துறேன்.

— தீர்த்தம் தெளிச்சுப் பாத்தா என்ன?

— தெளிச்சேன். நக்கிட்டு இன்னும் கேட்டுச்சு.

— பகல்ல தூங்குறதாலதான் அண்ணி. ஒரு வாரம் ஆபீஸ் விட்டதும் நானே கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போனேனே. எவ்வளவு தூரம் ஓட விட்டேன்.

— போனீங்க, வந்தீங்க. அது ஒரு சட்டி தண்ணியைக் குடிச்சிட்டு மூலையில சுருண்டுச்சு. நீ அந்த நாற்காலியில சுருண்ட. சரி, இன்னிக்கு அடங்கிருச்சுன்னு நான் மூச்சு விட்டேன். நீ கோயிலுக்குக் கிளம்பிப் போன, எட்டு மணி ஆச்சு, எழும்பிருச்சு. உன்னைத்தான் அடக்குனோம் வின்சென்ட். நாயை இல்ல.

— கதவைச் சாத்தி வச்சும் எப்படி அண்ணி வெளிய போவுது? அதை மட்டும் சொல்லுங்க.

— தாழ்ப்பாளை மூக்கால தள்ளக் கத்துக்கிச்சு. ஜெபம் முடிச்சு நான் திரும்பிப் பாக்குறப்ப கதவு தொறந்து கெடக்கும். அது ரோட்டுல நின்னு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாக்கும். அப்புறம் ஓட்டம்.

— நாயா தாழ்ப்பாளைத் தொறக்குது? நான்சென்ஸ்.

— அப்ப நீயே வந்து உக்காந்து பாரு.

— எட்டு மணிக்கு நான் எங்க இருப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா? அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாதீங்க. பாலிக் புலாவுல டுரியான் தோட்டம் வச்சிருக்கிறவர் ஒருத்தர் காவலுக்கு நாய் கேக்குறாரு. நல்ல மனுஷன். அங்க எந்த அடுப்படியும் பக்கத்துல இல்ல. எவ்வளவு வேணும்னாலும் ஓடட்டும்.

— அங்க போயி ராவானா யாரைத் தேடும்?

— கொஞ்ச நாள் தேடும். அப்புறம் எல்லாரையும் மாதிரி மறந்துரும்.

— எல்லாரும்னா யாரு? பேரைச் சொல்லு. நீ மறந்துட்டியா?

— அண்ணி.

— அஞ்சு மாசத்துல ஆர்தர்னு ஒரு அண்ணன் இருந்ததே மறந்து போச்சா உனக்கு?

— மறந்தவன்தான் தினம் ஆபீஸ் விட்டு வந்து வேர்த்து விறுவிறுத்துப் போயி அந்த மணிக் கயித்தைப் புடிக்கிறானா? ஒரு காசு வாங்காம, ஒரு நாள் தவறாம? மழையில நின்னு?

— உன்னை யாரு அடிக்கச் சொன்னா?

— யாரும் சொல்லல. அவரு அடிச்சாரு, நான் அடிக்கிறேன்.

— அடிச்சுக்கோ. ஆனா துரை இந்த வீட்டை விட்டுப் போவாது. கேட்டுக்கோ. பாலிக் புலாவுக்கும் இல்ல, சுடுறவன் கைக்கும் இல்ல.

*

— அங்கயே நில்லு வின்சென்ட். உள்ள வராத.

— ஈஸ்டர் அதுவுமா ஏன் அண்ணி இப்படி? தெரேசா பலகாரம் குடுத்து விட்டிருக்கா.

— உன் பொண்டாட்டி பலகாரத்தை அப்புறம் பாக்கலாம். நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. பெரிய வியாழக்கிழமை ராத்திரி துரை எழும்பவே இல்ல. பெரிய வெள்ளியும் எழும்பல. பூனை மாதிரி கெடந்துச்சு. ஹபீபாவே வந்து, செத்துப் போச்சான்னு கேட்டுட்டுப் போறா. நேத்து சனிக்கிழமை மறுபடியும் ஆட்டம். ஏன்?

— எனக்கு எப்படித் தெரியும்?

— வியாழக்கிழமை காலைப் பூசைக்கு அப்புறம் துக்கத்துக்குக் கோயில் மணி அடிக்கல. ரெண்டு நாளும் மரக்கட்டையைத்தான் தட்டுனீங்க. சனிக்கிழமை காலையில மணி திரும்பி வந்துச்சு. ராத்திரி நாயும் திரும்பி வந்துச்சு.

— ஓ. அப்ப மணிச் சத்தம்தான் அதுக்கு ஆவல.

— எந்த மணி? விடியக்காலையில அடிக்குது, மத்தியானம் அடிக்குது, சாயங்காலம் அடிக்குது. அதுக்கெல்லாம் ஒரு ரோமம் கூட அசையாது. அதெல்லாம் கோயில்ல வேற ஆளு அடிக்கிறது. எட்டு மணி மட்டும்தான் நீ அடிக்கிறது. எப்படி அடிக்கிற அதை?

— எப்படி அடிப்பாங்க, கயித்தை இழுத்துத்தான்.

— வெளையாடாத. எனக்குக் காது இருக்கு. நிறுத்தி நிறுத்தி, கடைசியில ஒண்ணு மட்டும் லேசா, மறந்து போயி திரும்பி வந்து தட்டுன மாதிரி. அது யாரு அடி?

— அண்ணன் அடி.

— ஏன் அப்படி அடிக்கிற?

— எனக்கு அப்படித்தான் தெரியும். சின்ன வயசுலேர்ந்து அவரு பக்கத்துல நின்னு பாத்தது. வேற எப்படி அடிக்க?

— அந்த நாய் படிக்கட்டுல நின்னு கேட்டதும் அதைத்தான். அந்தக் கடைசி அடி விழுந்தா ஆர்தர் இறங்கி வருவாருன்னு அதுக்குத் தெரியும். நீ தினம் தினம் அதுக்குச் சொல்ற, வர்றாரு வர்றாருன்னு. அது எழும்பி ஓடாம என்ன பண்ணும்? அதுக்கு நான் கயிறு கட்டுனேன். கள்ளு வச்சேன். பைத்தியம்னு அக்கம் பக்கத்துல பேரு வாங்குச்சு. எல்லாம் உன்னால.

— என்னாலயா? சும்மா சொல்லக்கூடாது அண்ணி, நல்லா சொன்னீங்க.

— மாத்தி அடி. இல்லேன்னா வேற யாரையாச்சும் அடிக்கச் சொல்லு.

— முடியாது.

— என்ன முடியாது?

— உங்களுக்கு அவரு படுத்த பாய் இருக்கு, சட்டை இருக்கு, நாய் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? அந்தக் கயித்துல அவரு கை பட்டுப் பட்டு வழவழன்னு ஒரு இடம் இருக்கு. அங்க கையை வச்சு அவரு மாதிரி இழுத்தா, கீழ நிக்கிற சனங்க, ஆர்தர் அடிச்ச மாதிரியே இருக்குன்னு சொல்றாங்க. அதை விடச் சொல்றீங்க. ஒரு நாய் தூங்கறதுக்காக.

— நாய் தூங்கறதுக்காக இல்ல. நாய் உசுரோட இருக்கறதுக்காக. நாளைக்குச் சுடுற ஆளுங்க நம்ம ரோட்டுக்கு வர்றாங்க. உனக்கு உன் அடி முக்கியம்னா அடிச்சுக்கிட்டே இரு. சத்தம் நல்லா ஒத்துப்போவும், ஒரு பக்கம் மணி, ஒரு பக்கம் துப்பாக்கி.

— உங்க வாய் இருக்கே.

— உங்க அண்ணன் தினம் கேட்டது. நீ ஒரு நாள் கேட்டா செத்துப் போவ மாட்ட.

— சரி. போறேன். இன்னிக்கு நான் கயித்தைத் தொடல. போதுமா? பலகாரத்தை இங்க வச்சிட்டுப் போறேன். தின்னா தின்னுங்க, இல்ல துரைக்குப் போடுங்க.

*

— வின்சென்ட், பொய்தானே சொன்ன என்கிட்ட. கோயில்லேர்ந்து வர்ற மூஞ்சியைப் பாரு.

— என்ன பொய் அண்ணி? இப்பதான் படியே ஏறுறேன்.

— கயித்தைத் தொடலைன்னுட்டு அதே மாதிரி அடிச்சிருக்க. இதோ பாரு, இப்ப புடிச்சுக் கட்டுன நாற்காலியைச் சேத்து இழுத்துக்கிட்டு நிக்குது. ஹபீபா மட்டும் வாசல்ல நின்னு ரோத்தானைக் காட்டி உள்ள தள்ளலைன்னா இந்நேரம் அது எங்க ஓடியிருக்குமோ.

— நான் கயித்தைத் தொடவே இல்ல. கோயில் தோட்டக்காரன் ஆ செங் அடிச்சான். ஊரு தீப்புடிச்ச மாதிரி டங்கு டங்குன்னு அடிச்சிட்டுப் போயிட்டான். சாமியாரே வெளிய வந்து பாத்தாரு. உங்க காதுல அது விழலையா?

— எனக்கு விழுந்தது அவரு அடிதான்.

— நீங்க கேக்கணும்னு நெனச்சதைக் கேட்டிருக்கீங்க. அண்ணன் அடியாம். என் கையிலேர்ந்து அதையும் புடுங்கியாச்சு, நாயும் அடங்கல. இப்ப திருப்தியா?

— என்கிட்ட கத்தாத.

— கத்துவேன். காலையிலேர்ந்து என்னைக் கொலைகாரன் மாதிரி நிக்க வச்சுப் பேசுனீங்க.

— அக்கா, தம்பி, ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. நான் ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். சட்டி அடுப்புல கெடக்கு.

— உனக்கு என்ன ஹபீபா, உன் சட்டிதான் இன்னிக்குத் தப்பிச்சிருச்சே.

— அதுக்கு இல்லக்கா. இன்னிக்கு மறுபடி சட்டியில வாய் வச்சா நான் என்ன பண்ணுவேன்னு பயந்து, மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே உங்க சன்னலுக்கு வெளிய ரோத்தானோட வந்து நின்னுட்டேன். வெளிய வர்றப்பவே மறிச்சிரலாம்னு. எல்லாத்தையும் பாத்தேன்.

— என்னத்தைப் பாத்த?

— தம்பி சொல்றது நெசம். தாறுமாறா ஒரு மணி அடிச்சுது. துரை அந்த மூலையிலதான் கெடந்துச்சு. ஒரு காதைத் தூக்குச்சு, மறுபடி போட்டுக்கிச்சு. எழும்பல.

— எழும்பலையா? அப்ப இங்க இப்ப நிக்கிறது என்ன?

— பொறுமையா கேளுங்க. நீங்க சிலுவைக்கு முன்னாடி முழங்கால்ல நின்னீங்க. வாய் என்னமோ சொல்லிக்கிட்டு இருந்துச்சு. சொல்லிக்கிட்டே எந்திரிச்சீங்க.

— ஜெபம் முடியாம நான் எந்திரிக்க மாட்டேன்.

— அல்லா மேல ஆணையா எந்திரிச்சீங்க அக்கா. வாய் சொல்றதை நிறுத்தல. கதவுக்குப் போனீங்க. தாழ்ப்பாளை எடுத்தீங்க. கதவை இந்தக் கை அகலத்துக்குத் தொறந்து வச்சீங்க. மறுபடி போயி முழங்கால்ல நின்னுட்டீங்க. நீங்க தாழ்ப்பாள்ல கை வச்சப்பதான் அது தலையைத் தூக்குச்சு. உங்க மொகத்தைப் பாத்துச்சு. கதவைப் பாத்துச்சு. அப்பதான் துள்ளுச்சு.

— வின்சென்ட், இவ சொல்றதைக் கேட்டியா? நாய்தான் மூக்கால தள்ளுதுன்னு உன்கிட்ட நான் சொன்னேன்ல.

— சொன்னீங்க அண்ணி. ஒண்ணு கேக்குறேன். அண்ணன் கோயில்லேர்ந்து வந்தா கதவைத் தட்டுவாரா?

— அவரு எதுக்குத் தட்டணும்? மணிச் சத்தம் கேட்டதும் நான் தொறந்து வச்சிருவேன்.

— பெரிய வியாழனும் வெள்ளியும்?

— அன்னிக்குத்தான் மணி இல்லையே.

— சரி அண்ணி. சரி. உக்காருங்க.

— உக்கார மாட்டேன். என்னை அப்படிப் பாக்காதீங்க ரெண்டு பேரும்.

— நாளைக்கு அந்த ஆளுங்க வந்து கேட்டா, இந்த லைன்ல ஒரு நாய்க்கும் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிருவேன் அக்கா. துரைக்கு கிலா எல்லாம் இல்ல.

— அப்ப யாருக்கு கிலா? எனக்கா?

— நான் அப்படிச் சொல்லலையே.

— சொல்ல வேணாம். ஆயிரம் வேலை கெடக்கு உனக்கு, போ, உன் கொழம்பைப் பாரு. நீயும் கிளம்பு வின்சென்ட். நாளையிலேர்ந்து மணியை நீயே அடி. உன் இஷ்டப்படி அடி. என்னை யாரும் ஒண்ணும் கேக்காதீங்க.

— நான் வேணா இன்னிக்கு இங்க படுத்துக்கிறேன் அண்ணி.

— வேணாம். தெரேசா தனியா இருப்பா. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ.

— சரி அண்ணி.

— முழுசா சாத்தாத.